"நீங்கள் கேட்பதே இல்லை, அக்கா"

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு கட்டடக்கலை நிறுவனத்துக்கு வேலைக்கு வரும் வாசகி ஒருவரின் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 34. ஆறு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு வகிக்கிறேன். குழுவில் யார் என்ன கேட்டாலும் அந்த நிமிடமே பதில் சொல்லிவிடுவேன். இரவு பதினொரு மணிக்கு வாட்சப்பில் கேட்டாலும் வரைந்து அனுப்பிவிடுவேன். சென்ற மாதம், இரண்டு ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் விலகினார். கடைசி நாளன்று பையை எடுத்துக்கொண்டு வந்தவர், 'நீங்கள் கேட்பதே இல்லை, அக்கா' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இதற்கிடையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நாங்கள் வடிவமைக்கும் வீட்டின் சமையலறையை மூன்று முறை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் அந்த வீட்டு அம்மா, 'இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கணும்' என்கிறார். எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் சப்மிஷன் தேதிக்குள் வேலை முடியுமா? வடிவமைப்பு யாருடையதாகவும் இல்லாமல் போய்விடாதா? நன்றாகக் கேட்பதைக் கற்றுக்கொள்ள முடியுமா, அல்லது அது பிறவியிலேயே வரவேண்டிய குணமா?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இளைஞரின் வாக்கியத்திலேயே என் கண் நின்றது. நம் மொழியில் 'கேட்பது' என்ற சொல் பல வேலைகளைச் செய்கிறது. ஒருவர் பேசுவதைக் காதில் வாங்குவதும் கேட்பதுதான், அவரிடம் கேள்வி எழுப்புவதும் கேட்பதுதான், அவர் சொன்னதை ஏற்று அதன்படி நடப்பதும் கேட்பதுதான். ஆகவே அவர், 'நான் பேசும்போது உங்கள் கவனம் என்னிடம் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். 'இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட என் கருத்தை நீங்கள் விசாரித்ததில்லை' என்று சொல்லியிருக்கலாம். 'நான் எச்சரித்தேன், நீங்கள் பொருட்படுத்தவில்லை' என்றும் சொல்லியிருக்கலாம். மூன்றும் வேறு வேறு குறைகள். மூன்றுக்கும் மருந்து வேறு. அவர் எதைச் சொன்னார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு மாதம் தூக்கம் கெட்டிருந்தும், எனக்கு இவ்வளவு நீளமாக எழுத முடிந்தும், அவரைக் கூப்பிட்டு 'எதைச் சொன்னாய்?' என்று விசாரிக்க உங்களுக்குத் தோன்றவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்: ஒரு சொல் காதில் விழுந்தவுடன் அதன் பொருள் தெரிந்துவிட்டது என்று நம்பி, அடுத்த கணமே தீர்வைத் தேடத் தொடங்கிவிடுகிறீர்கள்.

இது உங்கள் பிறவிக் குணம் என்று நான் நினைக்கவில்லை. நம்மை வளர்த்த விதம் அப்படி. மூன்றாண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை, அதன்பின் அலுவலக அனுபவமும் மூன்றாம் பகுதித் தேர்வும் என்று நம் நாட்டில் ஒருவர் பதிவு பெற்ற கட்டடக் கலைஞராவதற்குள் எத்தனை 'கிரிட்' எனப்படும் விமர்சன அமர்வுகளில் நின்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் விழித்து வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு, எதிரே மூன்று நான்கு பேர் அமர்ந்திருக்க, அவர்கள் வாய் திறக்கும்போதே 'இதற்கு என்ன பதில் சொல்வது' என்று மனம் ஓடும். அங்கே காதின் வேலை, தாக்குதல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான். தடுமாறாமல் உடனே பதில் சொன்ன மாணவருக்கு நல்ல பெயர்; 'எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்றவருக்குத் தயாரிப்பு போதாது என்ற பெயர். ஐந்து ஆண்டுகள் இப்படிப் பழகிய காது, வேலைக்கு வந்த அன்றே மாறிவிடாது. நானும் அதே பட்டறையிலிருந்து வந்தவன்தான். எனக்கு அது புரிந்தது ஒரு சுவரைக் கெடுத்த பிறகு.

2008ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னர் பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாற்றும் வேலை இங்கே பெருகியது. அப்படி ஒரு வேலை என் கைக்கு வந்தது. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கட்டிய வீடு. அந்தக் காலத்துச் சுவர்களில் தரைமட்டத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் செங்கல்லில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் ஆறிப்போகும். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் உரிமையாளர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். சுண்ணாம்புப் பூச்சு காய நாள் பிடிக்கும். அந்தச் சுவரில் முன்பே யாரோ ஓரளவு சிமெண்டு பூசியிருந்ததால், மீதியையும் சிமெண்டிலேயே முடித்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

வேலை நடந்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். அறுபது வயதைத் தாண்டிய தமிழ்க் கொத்தனார் ஒருவர், கரணையைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, சுவரின் அடிப்பகுதியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்ததால் புறங்கை. பிறகு என்னைப் பார்த்து, "சுவர் வேர்க்குது சார்" என்றார். நான், "மேலே கூரையில் ஓடு விலகியிருக்கிறது, மழை இறங்குகிறது. அடுத்த வாரம் ஓடு மாற்றுகிறார்கள், சரியாகிவிடும்" என்றேன். அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். "சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கரணையை எடுத்துக்கொண்டார். ஓடு மாற்றினார்கள். விடுதி திறந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள், சுவரில் இடுப்பு உயரத்துக்கு வர்ணம் கொப்பளித்து, சிமெண்டுப் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று, உள்ளே செங்கல்லில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வெளியேற வழியில்லாத ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் இன்னும் உயரமாக ஏறி, உப்பையும் உடன் கொண்டுவந்து, பூச்சைத் தள்ளியிருக்கிறது. முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரை ஆறவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். அந்த அறைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

அந்தப் பெரியவர் எனக்குத் தந்தது முழுமையான செய்தி. 'எந்த இடத்தில் வேர்க்கிறது? எப்போது?' என்று நான் இரண்டே கேள்விகள் போட்டிருந்தால் போதும். அடியில் மட்டும், மழையே இல்லாத நாட்களிலும், விடியற்காலையில் என்று அவர் சொல்லியிருப்பார். பின்னால் விசாரித்தபோது அப்படித்தான் சொன்னார். கூரையிலிருந்து இறங்கும் ஈரம் மேலே தொடங்கும், மழையோடு வந்து மழையோடு போகும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் கீழே தொடங்கும், மழையை எதிர்பார்க்காது. நோயைக் கண்டுபிடிப்பதற்கான வேறுபாடே அதுதான். அது அவர் புறங்கையில் இருந்தது. நான் அவர் பேச்சைக் காதில் வாங்கினேன், மரியாதையாகப் பதிலும் சொன்னேன். அன்று யாராவது, 'தொழிலாளர்கள் சொல்வதைக் கேட்பீர்களா?' என்று விசாரித்திருந்தால், 'நிச்சயமாக' என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். உடனுக்குடன் பதில் சொல்வதை நாம் கேட்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அன்று என் பதில் வந்த வேகம்தான் அவர் அடுத்துச் சொல்லவிருந்ததை நிறுத்தியது.

உங்கள் குழுவில் நடப்பதும் இதுவாக இருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு அந்த இளைஞர் ஒரு படிக்கட்டைப் பற்றிச் சந்தேகம் அனுப்புகிறார். பத்து நிமிடத்தில் முழுப் படிக்கட்டையும் வரைந்து அனுப்புகிறீர்கள். படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டலாமா, மிதியின் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையலாமா என்று அவர் கேட்டிருந்தால், சீரான கட்டட உபவிதிகளில் பதில் இருக்கிறது. கூடாது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், அதில் தாமதிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், 'இந்தப் படிக்கட்டு இந்த இடத்தில் சரியாக வருமா அக்கா?' என்று ஓர் இளையவர் கேட்கும்போது, பெரும்பாலும் அவர் மனத்தில் வேறோர் இடம் இருக்கிறது. அதை நேரடியாகச் சொல்லத் தயக்கம், அதனால் கேள்வியாகச் சொல்கிறார். நீங்கள் அனுப்பிய அழகான வரைபடம் அவர் கையில் இருந்த பாதி வரைபடத்தை மூடிவைக்கச் செய்துவிடும். இரண்டு ஆண்டுகளில் இப்படி எத்தனை பாதி வரைபடங்கள் மூடப்பட்டிருக்கும்? அவர் மனம் சோர்ந்ததற்கு உங்கள் கோபமோ கடுமையோ காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் உதவியே காரணமாக இருந்திருக்கலாம். இதை ஏற்பது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், 'நீ என்ன நினைக்கிறாய்? காலையில் வரைந்து காட்டு' என்று மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் அம்மாவின் சமையலறைக்கு வருகிறேன். மூன்று முறை பெரிதாக்கியும் அவர் நிறைவடையவில்லை என்றால், அவர் சொல்லும் 'பெரிசு' சதுர அடிக் கணக்கு இல்லை என்று நான் எண்ணுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு வீட்டில் எனக்கும் இப்படித்தான் நேர்ந்தது. அந்தப் பாட்டியும் 'இடம் பத்தலை' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் சுவரைத் தள்ளித் தள்ளி வைத்தோம். கடைசியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவர்கள் அப்போது குடியிருந்த பழைய வீட்டுக்கு ஒரு காலை நேரத்தில் போனேன். நோட்டுப் புத்தகம் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன், வரைபடம் கொண்டுபோகவில்லை. பாட்டி சமையலறைத் தரையில் பலகை போட்டு, அரிவாள்மணையை மடித்த காலுக்கடியில் அழுத்திக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எதிரே மருமகள் முறுக்கு மாவை மடியருகே வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னொரு மருமகள் தரையில் செய்தித்தாளை விரித்து முறுக்கைப் பிழிந்து அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் சமையல் பாதி தரையில்தான் நடந்தது. நாங்களோ ஒவ்வொரு முறை அறையைப் பெரிதாக்கும்போதும், நடுவில் வைத்திருந்த மேடையையும், அதுதான் இப்போது எல்லாரும் விரும்பும் 'ஐலண்ட்', அறைக்கேற்ப நீட்டிக்கொண்டே போனோம். பாட்டி கேட்ட இடத்தை ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் எடுத்துக்கொண்டிருந்தோம். மேடையை எடுத்துவிட்டு, வெளிக்கட்டுச் சமையலறையில் ஆறடிக்கு ஆறடி வெறுந்தரை விட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவ வாட்டம் வைத்துக் கொடுத்தோம். மொத்தப் பரப்பு முதல் வரைபடத்தைவிடக் குறைந்தது. பாட்டி வரைபடத்தில் அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்து, "இப்பதான் பெரிசா இருக்கு" என்றார்.

உங்கள் வாடிக்கையாளருக்கும் தரைதான் தேவை என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அது வெளிச்சமாக இருக்கலாம், நான்கு பேர் ஒரே நேரத்தில் நிற்கும் வசதியாக இருக்கலாம், பூஜை நாளில் பெரிய பாத்திரம் இறக்கிவைக்கும் இடமாக இருக்கலாம். நான்காவது வரைபடம் போடுவதற்கு முன், அவர் இப்போது சமைக்கும் இடத்துக்கு, அவர் சமைக்கும் நேரத்தில் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். கூடவே உங்கள் சந்திப்புக் குறிப்புகளையும் எடுத்துப் பாருங்கள். அம்மா தமிழில் சொன்னது குறிப்பில் ஆங்கிலத்தில், 'வாடிக்கையாளர் பெரிய சமையலறை கோருகிறார்' என்று மாறியிருக்கும். 'இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கணும்' என்ற பேச்சில் ஒரு தயக்கம் இருக்கிறது. எதையோ சொல்ல வந்து சொல் கிடைக்காமல் கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. குறிப்பு எழுதும்போது தயக்கம் உதிர்ந்து கோரிக்கை மட்டும் நிற்கிறது. எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: வாடிக்கையாளர் பேசியது தமிழோ, மலாயோ, ஹொக்கியனோ, முக்கியமான வாக்கியத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவைப்போம், நம் விளக்கம் அதற்குக் கீழே வேறு மையில் இருக்கும். விளக்கம் தவறாகப் போனால், திரும்பிப் போய்ப் படிக்க மூல வாக்கியம் அங்கே இருக்கும்.

அலுவலகத்துக்குள் கேட்கத் தவறினால் மனத்தாங்கலோடு முடிந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் 1981 ஜூலை 17 அன்று, திறந்து ஓராண்டே ஆகியிருந்த ஹயாட் ரீஜென்சி விடுதியின் கூடத்தில் தொங்கும் நடைபாலங்கள் இரண்டு இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடி நடைபாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாலம்; இரண்டையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாகத்தான் முதல் வரைபடம் இருந்தது. அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டி நட்டு ஏற்றுவது இரும்பு வேலை செய்தவர்களுக்கு மிகக் கடினம். அதனால் கம்பியை இரண்டாகப் பிரித்து, கூரையிலிருந்து நான்காம் மாடி வரை ஒன்று, நான்காம் மாடி உத்தரத்திலிருந்து இரண்டாம் மாடி வரை இன்னொன்று என்று மாற்றினார்கள். ஒரே கயிற்றை இருவர் தனித்தனியே பிடித்துத் தொங்குவது ஒன்று. மேலே உள்ளவர் கயிற்றைப் பிடித்திருக்க, கீழே உள்ளவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. நான்காம் மாடி உத்தரத்தின் அடியில் இருந்த நட்டின்மேல் சுமை இரு மடங்கானது. முதல் வடிவமைப்பே விதி கோரிய வலுவில் இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. மாற்றம் காட்டிய பட்டறை வரைபடங்களில் ஒப்புதல் முத்திரை விழுந்தது. அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

நம் மாணவர்களுக்கு இதைக் கணக்குப் பிழையாகப் பாடம் நடத்துகிறோம். எனக்கு இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. 'இப்படிச் செய்துகொள்ளலாமா?' என்று பட்டறையிலிருந்து வரும் வேண்டுகோளை நாம் அனுமதிக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆம் அல்லது இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். 'நீங்கள் வரைந்ததைச் செய்ய முடியவில்லை' என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டவர், முதலில் தன் வரைபடத்தைத் திரும்ப எடுத்து அந்த இணைப்பை மறுபடி பார்ப்பார். குத்தகையாளரோ தளப்பொறுப்பாளரோ ஏதாவது மாற்றம் கேட்டால், சரி என்று சொல்வதற்கு முன், 'நாங்கள் வரைந்தபடி செய்வதில் என்ன சிரமம்?' என்று ஒரு கேள்வி போடுங்கள். நான் இந்தக் கேள்வியைப் போடாத நாள் தளத்தில் இப்போது இல்லை. அந்தக் கொத்தனாருக்கு நான் பட்ட கடன் அது.

கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் தொடக்கத்தில் ஓர் எளிய சோதனையைச் சொன்னார்: வாக்குவாதத்தில் இருக்கும் இருவரும், தன் கருத்தைச் சொல்வதற்கு முன், மற்றவர் சொன்னதை அவரே 'ஆம், அதுதான்' என்று ஏற்கும் அளவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவதும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான். கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள், முதல் வாரம் பாதிக்கு மேற்பட்ட தடவைகள், 'இல்லை அக்கா, நான் அதைச் சொல்லவில்லை' என்ற பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டு வெட்கப்பட வேண்டாம். அது வராமல்போயிருந்தால், அத்தனை தடவையும் தவறான ஒன்றின்மேல் நீங்கள் வரைந்துகொண்டிருந்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். இதை உத்தியாக மட்டும் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டி, 'ம்' கொட்டி, சொன்னதைக் கிளிபோல் திருப்பிச் சொல்லிவிட்டு, முன்பே முடிவு செய்ததைச் செய்தால், உங்கள் குழு ஒரு மாதத்தில் கண்டுகொள்ளும். அதன்பின் அவர்கள் பேசுவது இன்னும் குறையும். மனம் மாறுவதற்கு இடம் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்; அந்த இடம் இல்லாத நாளில், 'இதை நான் முடிவு செய்துவிட்டேன்' என்று நேராகச் சொல்லிவிடுவதே நேர்மை.

வாராந்திர வடிவமைப்பு ஆய்வுக் கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். குழுவில் வயதில் இளையவர் முதலில் பேசட்டும். பொறுப்பாளர் 'எனக்கு இது பிடித்திருக்கிறது' என்று தொடங்கிவிட்டால், அதற்குப் பின் மாற்றுக் கருத்து சொல்வது நம் ஊரில் கருத்து வேறுபாடாகப் பார்க்கப்படுவதில்லை, மரியாதைக் குறைவாகவே பார்க்கப்படுகிறது. 'அக்கா' என்று அழைப்பவர் அக்காவை எதிர்த்துப் பேசத் தயங்குவார். 'பாஸ்' என்று அழைப்பவரும் அப்படியே. இன்னொன்றும் நம் சூழலுக்கே உரியது. கூட்டம் ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கிறது. ஒருவர் தமிழிலோ ஹொக்கியனிலோ எண்ணி, அதை மாற்றிச் சொல்வதற்குள் மூன்று நான்கு நொடிகள் ஆகும். அந்த மௌனத்தை உங்களைப் போன்ற சுறுசுறுப்பானவர்களால் தாங்க முடியாது. நீங்கள் புகுந்து அவருக்காக வாக்கியத்தை முடித்துக் கொடுப்பீர்கள். அவரும், 'ஆமாம், அதுதான்' என்று சொல்லிவிடுவார், அது இல்லாவிட்டாலும். பேசும்போது பென்சிலை மேசைமேல் வைத்துவிடுங்கள். பென்சில் கையில் இருக்கும்வரை நம் கண் காகிதத்தில்தான் இருக்கும், பேசுகிறவர் முகத்தில் இருக்காது.

எல்லாரும் சொல்வதைக் கேட்டால் வடிவமைப்பு யாருடையதாகவும் இல்லாமல் போகும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. குழு வாக்கெடுத்து வரைந்த கட்டடத்தை நானும் விரும்பமாட்டேன். ஆனால் கேட்பது வேறு, இணங்குவது வேறு. 2007 முதல் நம் நாட்டில் கட்டடம் நிறைவடைந்ததற்கான சான்றிதழை வழங்குவது ஊராட்சி மன்றம் இல்லை. திட்டத்தைச் சமர்ப்பித்த தலைமைத் தொழில்முறையாளர். அதாவது, நம்மைப் போன்ற ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கிறார். பொறுப்பு பங்கிடப்படாத இடத்தில் முடிவும் பங்கிடப்பட முடியாது, அது உங்களுடையதே. அந்தக் கையெழுத்துக்கு முன் குழுவில் ஆறு பேருக்கும் தளத்தில் முப்பது பேருக்கும் தெரிந்திருந்த ஒன்று உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கச் சொல்கிறேன். கேட்டபின் மறுக்கலாம். மறுக்கும்போது, 'நீ சொன்னது இது, இந்தக் காரணத்தால் நான் எடுத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிவிடுங்கள். காரணத்தோடு மறுக்கப்பட்ட இளைஞர் மறுவாரம் மீண்டும் பேசுவார். பதிலே வராமல் தன் கருத்து காணாமற்போனதைப் பார்த்தவர்தான் பையை எடுத்துக்கொள்கிறார்.

கேட்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், 1969 முதல் பைக்கர் என்ற தொழிலாளர் குடியிருப்பைப் புதிதாகக் கட்டிய ரால்ஃப் எர்ஸ்கின், அந்தப் பகுதியிலேயே முன்பு ஈமச்சடங்கு நிலையமாக இருந்த ஒரு கட்டடத்தில் தன் அலுவலகத்தைத் திறந்தார். தெருவில் போகிறவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பேசலாம். கட்டடக் கலைஞர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அப்படியிருந்தும், வேலை நீண்டுகொண்டே போனதில், பழைய குடியிருப்பாளர்களில் பெரும்பாலோர் புதிய வீடுகளுக்குத் திரும்பி வரவில்லை. காலமும் பணமும் நிருவாகமும் ஒரு கட்டடக் கலைஞரின் காதுக்குக் கட்டுப்பட்டவை இல்லை. இருந்தாலும், வந்து குடியேறியவர்களுக்குக் கிடைத்த வீடுகளும் தோட்டங்களும் அந்தக் கதவு திறந்திருந்ததால் வேறு விதமாக அமைந்தன என்றே நான் நம்புகிறேன்.

சப்மிஷன் நெருக்கடியைப் பற்றி ஒரே ஒரு கணக்கு: அந்தச் சமையலறைக்கு நீங்கள் மூன்று முறை செலவிட்ட நாட்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரு காலை நேரத்தை அவர் வீட்டில் கழிப்பது அதைவிட மலிவு.

இனி, விலகிப்போன அந்த இளைஞர். அவரை இந்த வாரமே கூப்பிடுங்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்ல வேண்டாம். அங்கே நீங்கள் பொறுப்பாளர். லிட்டில் இந்தியாவிலோ ஃபெர்ரி துறை அருகிலோ ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள். வேலைக்குத் திரும்ப வரும்படி கேட்காதீர்கள். அது அவருக்குச் சுமை. மன்னிப்பும் முதலில் வேண்டாம். நீங்கள் மன்னிப்புக் கேட்டால், 'ஐயோ, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை அக்கா' என்று அவர் உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவார், நீங்கள் தெரிந்துகொள்ள வந்தது தெரியாமலே போய்விடும். 'நான் கேட்பதில்லை என்று சொன்னாய். எந்த நாளை நினைத்துச் சொன்னாய், தம்பி?' என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு நாளைச் சொல்வார். அந்த நாளில் உங்கள் பக்கம் ஒரு நியாயம் நிச்சயம் இருந்திருக்கும், அதைச் சொல்ல நாக்கு துடிக்கும். அப்போது தே தாரிக்கை எடுத்துக் குடியுங்கள். அவர் முடித்துவிட்டார் என்று தோன்றிய பிறகும் சற்றுப் பொறுங்கள். பெரும்பாலும் உண்மையான செய்தி அதற்குப் பின்னால்தான் வரும். பிறகு அவர் சொன்னதை உங்கள் சொற்களில் ஒருமுறை சொல்லி, 'இதைத்தான் சொன்னாயா?' என்று கேளுங்கள். 'இல்லை அக்கா' என்றால், இன்னும் இரண்டு தே தாரிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேளுங்கள்.